தோணிக்காரருக்குக் காத்திருந்த டீச்சர்

பொறாமைப்படுவதென்றாலும் அதற்குத் தகுந்த ஆள் ஒருவர் அமைய வேண்டும். பைக்கில் சாய்ந்து உட்கார்ந்து தலை சீவுகிறவன், துபாயிலிருந்து சென்ட் மணக்க வந்து இறங்குகிறவன் என்று யாராவது அமைந்திருந்தால் எனக்கும் ஒரு மரியாதை இருந்திருக்கும். எனக்கு வாய்த்தவர் சரக்குத் தோணியில் வேலை பார்க்கிற ஓர் அண்ணாச்சி. வயது ஐம்பதைத் தாண்டியவர். முன்பல் ஒன்று கிடையாது. சட்டையில் ஏதாவது ஒரு பொத்தானை மாற்றிப் போட்டிருப்பார். போயும் போயும் அவர்மீது நான் பட்ட பொறாமை கொஞ்சநஞ்சமில்லை.

காரணம் என் மனைவி. அவள் தூத்துக்குடியில் ஒரு சின்ன மெட்ரிக் பள்ளிக்கூடத்தில் ஆங்கில டீச்சர். நான் திரேஸ்புரம் கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவன். பதினொன்றாம் வகுப்பின் பாதியில் நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா, பள்ளிக்கூடம் என்னை விட்டதா என்பதில் இரண்டு தரப்புக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. டீச்சருக்கு எப்படி இவன் புருஷன் ஆனான் என்று தெருவில் கேட்காதவர்கள் இல்லை. கேட்கட்டும். அவர்களும் பொறாமைப்படத்தானே வேண்டும்.

போன வருஷம் அவள் ஆங்கில டீச்சர்களுக்கான ஒரு பயிற்சியில் சேர்ந்தாள். டீச்சர்களுக்கே பாடம் நடத்துகிற இடம். சனிக்கிழமை மத்தியானம் எல்லாரும் போனில் கூடுவார்கள். நடத்துகிற அம்மா கோயம்புத்தூர்ப் பக்கம். அந்த அம்மாவுக்குச் சர்க்கரைப் பாகில் தோய்த்தெடுத்த மாதிரி ஒரு குரல். வாரம் முழுக்க வாட்ஸப்பில் பேசி அனுப்பிக்கொண்டே இருப்பார். என் மனைவி காதில் மாட்டிக்கொண்டு சாளை மீனை ஆய்வாள், சிரிப்பாள், தலையாட்டுவாள். நான் பக்கத்தில் நின்று, அன்றைக்குச் சீலா மீன் என்ன விலைக்குப் போனது, அதை எடுத்த வியாபாரியின் மூஞ்சி எப்படிப் போனது என்று நடித்துக் காட்டுவேன். அதற்கும் தலையாட்டுவாள். எது எனக்கு ஆட்டியது, எது கோயம்புத்தூருக்கு ஆட்டியது என்று கண்டுபிடிக்க முடியாது.

"ஏளா, அந்த அம்மா என்னத்தத்தான் சொல்லுதாங்க?"

"என் பாடத்துல ஒரு குறை இருக்காம்."

"கட்டிக்கிட்டு நான் கண்டுபிடிக்காத குறைய, போன்ல பாத்து கண்டுபிடிச்சிட்டாங்களாக்கும்?"

குறை உண்மையில் இருந்தது. அவள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவதை வீடியோ எடுத்து அந்த அம்மாவுக்கு அனுப்பியிருந்தாள். அதில் ஒரு கேள்வியைக் கேட்டாள், பிள்ளைகள் வாயைத் திறப்பதற்குள் பதிலையும் அவளே சொல்லிவிட்டாள். வீடியோ முழுக்க அப்படித்தான். நம்மூர் டீச்சர்கள் எல்லாருக்கும் உள்ள பழக்கம்தான் அது. ஆனால் அந்த அம்மா விடவில்லை. கேள்வி கேட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். திருப்பிக் கேட்கக் கூடாது, பாதியை எடுத்துக் கொடுக்கக் கூடாது, வேறு ஆளுக்குத் தாவக் கூடாது. படிக்கிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். இதைப் பழகி, பெரியவர்களுக்குப் பாடம் நடத்துகிற ஒரு வீடியோவைக் கடைசியில் அனுப்ப வேண்டும். அது தேறிவிட்டால், வேம்பார் தொடங்கி இந்தக் கடற்கரைப் பள்ளிக்கூடங்களில் இருக்கிற டீச்சர்களுக்கு இவளே போய்ப் பயிற்சி கொடுக்கலாம்.

அந்த வேலைக்கு அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் அவளை ஏழெட்டு வருஷமாகச் சின்ன வகுப்பிலேயே வைத்திருந்தார்கள். ஆண்டுவிழாவில் மைக் பிடிக்கக்கூடக் கூப்பிட்டதில்லை. இவளுக்கு ஏதோ தெரியும் என்று முதன்முதலில் சொன்ன ஆள் அந்தக் கோயம்புத்தூர் அம்மாதான். நான் சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

முதலில் என்னை வைத்துத்தான் பழகப் பார்த்தாள். அடுப்படியில் நின்று ஆங்கிலத்தில் கேட்பாள், "நீங்கள் காலையில் எத்தனை மணிக்கு..." என்று. அவள் முடிப்பதற்குள் நான் "ஃபோர் ஓ கிளாக், கோயிங் பீச், கமிங் வித் ஃபிஷ், வைஃப் நாட் ஹேப்பி" என்று கொட்டிவிடுவேன். துறைமுகத்தில் கப்பல்காரர்களோடு பேசிப் பேசி வந்த இங்கிலீஷ். இலக்கணம் இல்லாவிட்டாலும் வேகம் உண்டு.

"உங்கள வச்சு இத பழக முடியாதுங்க" என்றாள். "காத்திருக்கதுக்கு நீங்க இடமே தரமாட்டேங்குதீங்க."

"பதில் சீக்கிரம் வந்தா அது குத்தமா?"

"நான் கேள்விய முடிக்கவே இல்ல."

ஏலம் கூறுகிறவனிடம் போய் இதைச் சொன்னால் எப்படி? மீன் கூறு கூறாகத் தரையில் கிடக்கும். சுற்றி வியாபாரிகள் கல்லுப் பிள்ளையார் மாதிரி நிற்பார்கள். நான் ஒரு நிமிஷம் வாயை மூடினால் விலை அங்கேயே உட்கார்ந்துவிடும். வெயில் ஏற ஏற மீனும் போய்விடும். அதனால் வாயை மூடாமல் ஆளைக் கிண்டல் பண்ணி, ஊரைக் கிண்டல் பண்ணி, விலையை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். யாரும் கேட்காவிட்டால் நம் ஆள் ஒருவன் முதல் விலையைக் கேட்டுவைப்பான், மற்றவர்களுக்குச் சூடு பிடிக்கட்டும் என்று. அமைதியாக இருப்பதற்குச் சம்பளம் தருகிற தொழில் உலகத்தில் இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது.

அவள் சாயங்காலத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பெரியவர்களுக்கு ஓசியில் ஒரு வகுப்பு ஆரம்பித்தாள். நாலைந்து பேர் வந்தார்கள். அதில் ஒருவர் தையல்கடை அக்கா. வீட்டுக்காரர் தோஹாவில் இருக்கிறார், இவரும் போகப்போகிறார். இன்னொருவர் அந்தத் தோணி அண்ணாச்சி. காற்றுக் காலத்தில் தோணிகள் மாலத்தீவுக்குப் போகாமல் கரையில் கிடக்கும். அவரும் சும்மா இருந்தார். அவர் வேலை பார்த்த தோணியின் தண்டல், அதாவது தோணியை நடத்துகிற தலைவர், அந்த வருஷத்தோடு நின்றுவிட்டார். அடுத்த தண்டலாக இவரைப் போடத் தோணி முதலாளி தயார். ஆனால் மாலத்தீவில் உள்ள மாலி துறைமுகத்தோடு ரேடியோவில் ஆங்கிலத்தில் பேச வேண்டும். அண்ணாச்சி தமிழிலேயே அளந்துதான் பேசுவார்.

நானும் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். வகுப்புக்கு ஒரு களை வேண்டாமா?

முதல் நாள் என் மனைவி அண்ணாச்சியைப் பார்த்து, உங்கள் தோணியில் என்னவெல்லாம் ஏற்றிப் போவீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கேட்டுவிட்டு வாயை மூடினாள். அண்ணாச்சி தரையைப் பார்த்தார். பிறகு உப்பளப் பக்கம் பார்த்தார். அவருடைய உதடு மெல்ல அசைய ஆரம்பித்தது. என்னால் தாங்க முடியவில்லை.

"ஆனியன்! சிமென்ட்! பொட்டேட்டோ!" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணாச்சியும் பல் இல்லாத இடம் தெரியச் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். அதோடு அன்றைக்கு அவர் பேசவில்லை.

அடுத்த வகுப்பில் நான் ரொம்ப நல்லவனாகத்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் மறுபடியும் அவரிடம்தான் கேட்டாள். மறுபடியும் அந்த அமைதி. அவள் அவர் முகத்தைப் பார்த்தபடி, கொஞ்சம் முன்னால் குனிந்து, புருவத்தை லேசாகத் தூக்கி நின்றாள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அந்தப் பார்வையை நான் கண்டதில்லை. வாய் தானாகத் திறந்தது.

"ஒரு தரம்" என்றேன், கடற்கரைக் குரலில். "ரெண்டு தரம்."

தையல்கடை அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். "ஏலே தம்பி, அண்ணாச்சிய யாருக்கு முடிச்சுவிடப் போற?"

என் மனைவியின் உதடும் ஓரத்தில் துடித்தது. எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அந்த வகுப்பை அவள் வீடியோ எடுத்திருந்தாள். சனிக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து கேள்வி வந்தது. பச்சைச் சட்டை போட்ட அந்த மாணவர் ஏன் எல்லார் பதிலையும் சொல்கிறார்? அவர் யார்?

"என்ன சொன்ன?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"பக்கத்து வீடுன்னு சொல்லிட்டேன்."

"ஏளா!"

"நாளையிலேருந்து நீங்க மேல வராண்டாம்."

அப்படித்தான் சொந்த மாடியிலிருந்து என்னை இறக்கிவிட்டார்கள். நான் படிக்கட்டுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். மேலே அவள் குரல் கேட்கும். கேள்வி முடியும். பிறகு ஒன்றும் கேட்காது. துறைமுகத்தில் கிரேன் சத்தம் கேட்கும், காக்கா சத்தம் கேட்கும். மேலே மட்டும் ஒன்றுமே இருக்காது. பேச்சுச் சத்தம் கேட்டால்கூட என்ன பேசுகிறார்கள் என்று ஆறுதலாக இருக்கும். இந்தச் சத்தமில்லாததை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன செய்வது? நான் தண்ணீர் கொண்டு போவேன். கொசுவர்த்தி கொண்டு போவேன். ஒரு நாள் யாரும் கேட்காத குடையைக் கொண்டு போனேன்.

"மழையா பெய்யுது?" என்றாள்.

"பெஞ்சா?"

"கீழ போங்க."

ராத்திரிச் சாப்பாட்டின்போது கேட்டே விட்டேன். "அப்படி என்ன இருக்கு அந்த அண்ணாச்சி மூஞ்சில?"

"ஒண்ணும் இல்ல. யோசிக்காரு. அத பாக்கேன்."

"நான் யோசிச்சா பாப்பியா?"

"நீங்க யோசிங்க. பாக்கேன்."

நான் யோசிக்கிற மாதிரி முகத்தை வைத்துக் காட்டினேன். அவள் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அதன் பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அண்ணாச்சி சட்டென்று பதில் சொல்லிவிட்டால் அவள் எதற்காகக் காத்திருக்கப் போகிறாள்? என்னென்ன கேட்கப்போகிறாள் என்பது எனக்குத் தெரியும். மாவாட்டும்போதும் துணி மடிக்கும்போதும் அவள் முணுமுணுப்பது முழுக்க அந்தக் கேள்விகள்தான். காலையில் ஏலம் முடிந்ததும் அண்ணாச்சியை டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"அண்ணாச்சி, உங்களால டீச்சருக்கு எவ்வளவு சங்கடம் தெரியுமா? நீங்க பதில் சொல்ல லேட்டானா கோயம்புத்தூர்ல திட்டுதாங்க."

அவர் பதறிப்போனார். "அப்படியா தம்பி? நான் என்ன செய்ய?"

"நான் சொல்லித்தாரேன். அப்படியே பிடிச்சுக்கிடுங்க."

ஒரு வாரம் முழுக்கச் சொல்லிக் கொடுத்தேன். நல்ல மனிதர். வலை முடிச்சுப் போடுகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டார். அடுத்த வகுப்பில் நான் படிக்கட்டில் ஏறி, தலை வெளியே தெரியாத உயரத்தில் நின்றேன்.

என் மனைவி கேள்வியை ஆரம்பித்தாள். பாதிகூட வரவில்லை. அண்ணாச்சி எழுந்து நின்று, ராகம் போட்டு, குரலை ஏற்றி, "மை போட் கோயிங் மாலி, மாலி, மாலி! ஃபுல் லோடு ஆனியன், ஆனியன், ஆனியன்!" என்றார். கையையும் ஆட்டினார். அச்சு அசல் நான் நண்டு ஏலம் கூறுகிற மாதிரியே. பிறகு மூச்சு வாங்காமல், அவள் இன்னும் கேட்காத அடுத்த கேள்விக்கும், அதற்கடுத்த கேள்விக்கும் பதிலைச் சொல்லி முடித்து உட்கார்ந்தார்.

மாடியில் யாரும் சிரிக்கவில்லை. நான் சத்தமில்லாமல் ஒரு படி இறங்கினேன்.

"அங்கன நிக்கது யாரு?" என்றாள் என் மனைவி.

வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு அவள் என்னைத் திட்டவில்லை. பாயைச் சுருட்டினாள். பிறகு சொன்னாள், "அவரு மெதுவா வந்தாலும் அவரா வந்துருவாரு. நீங்க எதுக்கு கயிறு கட்டி இழுக்கீங்க?"

"ஒனக்கு வேலை சுளுவா முடியட்டும்னு..."

"எனக்கு இந்த வீடியோ தேறணும். நான் கேட்டது அது ஒண்ணுதான்."

நான் அவள் சுருட்டிய பாயை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

வீடியோ எடுக்கிற நாளில் காற்று அடித்து விளாசியது. போனை நிறுத்துகிற ஸ்டாண்டு இரண்டு தடவை சாய்ந்து விழுந்தது. யாராவது கையில் பிடித்தால்தான் ஆகும். மாணவர்களை எழுப்ப முடியாது. அவள் மாடியைச் சுற்றிப் பார்த்தாள். குடையோடு நான் படிக்கட்டில் நின்றேன்.

"பிடிப்பீங்களா?"

"பிடிப்பேன்."

"மைக் உங்க வாய்க்குப் பக்கத்துல இருக்கும்."

"தெரியும்."

"ஒரு வார்த்தை வந்தாலும் எல்லாம் போச்சு."

அவளே உள்ளே போய் உடன்குடிக் கருப்பட்டியில் ஒரு பெரிய துண்டை உடைத்துக்கொண்டு வந்து என் வாயில் வைத்தாள். "இது கரையிற வரைக்கும் வாயத் தொறக்கப்படாது." தையல்கடை அக்கா, "தொட்டில்ல கிடக்க பிள்ளைக்கு வைக்க மாதிரில்லா இருக்கு" என்றார். எனக்குப் பதில் சொல்ல வழியில்லை. கருப்பட்டி அடைத்திருந்தது.

பாடம் நன்றாகத்தான் போனது. அக்கா பேசினார், மற்றவர்கள் பேசினார்கள். பிறகு அவள் அண்ணாச்சியிடம் திரும்பினாள். நீங்கள் கடலில் இருக்கிறீர்கள். துறைமுகம் ரேடியோவில் கூப்பிடுகிறது. சரியாகக் கேட்கவில்லை. என்ன சொல்வீர்கள்? இது அடுப்படியில் அவள் முணுமுணுக்காத கேள்வி. நான் சொல்லிக்கொடுக்காத கேள்வி. எனக்குத் தெரியக் கூடாது என்றே ஒளித்து வைத்திருக்கிறாள்.

அண்ணாச்சி தலையைக் குனிந்தார். அவள் காத்திருந்தாள்.

எனக்குப் பதில் தெரியும். தொண்டை வரைக்கும் வந்து நின்றது. போன் திரையில் அவள் முகம் பெரிதாகத் தெரிந்தது. தூரத்தில் பஸ் வருவதைப் பார்த்துவிட்டு நிற்கிறவர்களுக்கு ஒரு முகம் இருக்குமே, அவசரமும் இல்லாமல், சந்தேகமும் இல்லாமல், அந்த முகம். ஒரு பல் போன மனிதருக்காக அதை வைத்துக்கொண்டு நிற்கிறாள். காற்றில் அவள் முந்தானை படபடத்தது, அவள் அசையவில்லை. அவள் அவருக்காக நிற்பதை நான் படம் பிடித்துக்கொண்டிருக்கிறேன். இதைவிடக் கேவலமாக ஒருவனுக்குப் பொறாமை வர முடியாது. கருப்பட்டியைக் கடித்தேன். கடித்த துண்டு உள்ளே போய்விட்டது.

"ப்ளீஸ்" என்றார் அண்ணாச்சி.

அவள் இன்னும் காத்திருந்தாள்.

"ப்ளீஸ்... ஸே அகெய்ன்." கையைத் தூக்கிக் காற்று வருகிற திசையைக் காட்டினார். "விண்ட். ஹியர்... பிக் விண்ட். ஐ... நோ ஹியர். ஸ்லோ. ப்ளீஸ் ஸ்லோ."

"தேங்க் யூ" என்றாள் என் மனைவி. அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்து, முதல் தடவையாக, மாறிப் போட்டிருந்த பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டார்.

வீடியோ தேறியது. கோயம்புத்தூர் அம்மா ரொம்பப் பாராட்டியிருந்தார். கடைசியில் ஒரு சந்தேகம் மட்டும் கேட்டிருந்தார். அந்த நீண்ட அமைதியில், அவர் பதில் சொல்வதற்குச் சற்று முன்னால், யாரோ எதையோ விழுங்குகிற சத்தம் பலமாகக் கேட்கிறது, அது யார்?

"இப்ப என்ன சொன்ன? பக்கத்து வீடா?"

"எங்க வீட்டுக்காரர்னு சொன்னேன்" என்றாள். "உங்கள ஏன் வகுப்புல காணோம்னு கேட்டாங்க."

இனி சனிக்கிழமைதோறும் அவள் வேம்பாருக்கு பஸ் ஏறுவாள். அங்கே ஒரு கூட்டம் டீச்சர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, ஒவ்வொருவருக்காகவும் காத்திருப்பாள். எனக்கு அதையும் நினைக்க நினைக்கப் புளித்தது. ஒரு அண்ணாச்சியையே தாங்க முடியவில்லை.

"எனக்கும் ஒரு கேள்வி கேளு" என்றேன்.

"என்ன?"

"அவருக்கு நின்ன மாதிரி எனக்கும் நில்லு."

"நீங்க எங்க நிக்க விட்டீங்க?" என்றாள். பிறகு, "நாளைக்கு மேல வாங்க" என்றாள்.

அது அண்ணாச்சிக்குக் கடைசி வகுப்பு. காற்று தணிந்துவிட்டது, தோணியில் சரக்கு ஏறிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை அவர்தான் தண்டல். அவர் பக்கத்திலேயே எனக்கு இடம் போட்டிருந்தாள். பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அண்ணாச்சி தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்.

என் முறை வந்தது. நாளைக்குக் காலையில் என்ன செய்வீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கேள்வியை முழுதாக முடித்தாள். முடிக்கவிட்டேன்.

பதில் எனக்கு நன்றாகத் தெரியும். அடுப்படியில் ஓராயிரம் தடவை சொன்ன பதில்தான். வாயில் கருப்பட்டிகூட இல்லை. ஆனால் அவள் கொஞ்சம் முன்னால் குனிந்தாள், புருவத்தை லேசாகத் தூக்கினாள், உதட்டை மூடினாள். திரையில் இல்லாமல், நேராக, எனக்கு. சொல்லிவிட்டால் அது முடிந்துவிடும்.

நான் சொல்லவில்லை. தரையைப் பார்த்தேன். உப்பளப் பக்கம் பார்த்தேன். திரும்பவும் அவளைப் பார்த்தேன். அங்கேயேதான் நின்றாள்.

பக்கத்தில் அண்ணாச்சி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஒரு தரம்" என்றார் மெதுவாக.

நான் வாயைத் திறக்கவில்லை.